பிலோமினா வண்டிக்கு ஹைட்ராலிக் டாப் லிங்க்

1. மட்கார்டில் வந்தவர்

பிலோமினா என் ஷெட்டுக்கு முதன்முதலாக வந்தபோது டிராக்டரை அவர் ஓட்டி வரவில்லை. வண்டி அவருடையதுதான், ஆர்.சி. புக்கிலும் அவர் பெயர்தான். ஆனால் ஸ்டீயரிங்கில் கொழுந்தன் சேவியர் உட்கார்ந்திருந்தார். பிலோமினா பக்கத்து மட்கார்டில் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர். அங்கிருந்து திண்டிவனம் வரைக்கும் மட்கார்டில் உட்கார்ந்து வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் சர்வீஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும். மினி டிராக்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் கோபத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிலோமினா இறங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணா, கையால திருவாம, சீட்ல குந்திக்கினே டாப் லிங்கை நீட்டி சுருக்கறா மாதிரி ஒண்ணு இருக்குதாமே. போன்ல பார்த்தேன். என் வண்டிக்கு மாட்டித் தருவீங்களா?"

டாப் லிங்க் என்பது டிராக்டருக்கும் பின்னால் மாட்டும் கருவிக்கும் நடுவில் மேல்பக்கமாகப் போகும் இரும்புத் தண்டு. கீழே இரண்டு கை கருவியைத் தாங்கும், மேலே இது ஒன்று இழுத்துப் பிடிக்கும். நடுவில் இருக்கும் உருளையைத் திருவினால் நீளும், சுருங்கும். சுருக்கினால் ரோட்டவேட்டர் என்ற சுழல்கலப்பையின் வால் மேலே தூக்கும், நீட்டினால் வால் மண்ணில் இறங்கும்.

"இருக்குது. ஆனா அதெல்லாம் பெரிய வண்டிக்கு மாட்றது. இந்தச் சின்ன வண்டிக்கு எதுக்குமா? எறங்கி ரெண்டு திருவு திருவினா முடிஞ்சுது" என்றேன்.

"அந்த ரெண்டு திருவுதாண்ணா என்னால முடியாது."

ஒளிக்காமல் சொன்னார். மார்பில் கட்டி வந்து புதுச்சேரியில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். இடது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மாதக்கணக்கில் மருந்து.

"லேசா ஸ்டீயரிங் புடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பவர் ஸ்டீயரிங்தான, ஒரு விரல்ல திரும்பும். ஆனா முறுக்கறது, இழுக்கறது, வெயிட் தூக்கறது ஒண்ணும் கூடாது. அந்தக் கையில ஊசிகூட போட மாட்டாங்க. ஒரு கீறல் பட்டாலும் கை வீங்கிக்கும்."

அவர் ஊர்ப் பக்கம் நிலமெல்லாம் சின்னச் சின்னத் துண்டு, வரப்பு உயரம். மினி டிராக்டரின் லிப்ட் பெரிய வண்டி அளவுக்குத் தூக்காது. அதனால் ஒவ்வொரு வரப்பைத் தாண்டும்போதும் டிரைவர் இறங்கி, டாப் லிங்கைச் சுருக்கி, ரோட்டவேட்டர் வாலைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் இறங்கி நீட்டுவார். அப்படிச் செய்யாவிட்டால் வால் வரப்பை வாரிக்கொண்டு போய்விடும், பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார்.

"வரப்புக்கு வரப்பு எறங்கித் திருவ ஒரு ஆள் வேணும்னா, அந்த ஆளே வண்டி ஓட்டிடலாமே. நான் எதுக்கு?" என்றார் பிலோமினா.

"நான் இருக்கேன்ல அண்ணி? நீங்க எதுக்கு பேஜாரு பண்ணிக்கிறீங்க?" என்றார் சேவியர்.

சேவியர் கெட்டவர் இல்லை. கணவர் இறந்தபிறகு பிலோமினாவே டிராக்டர் ஓட்டி, தன் நிலத்தையும் ஊரில் பாதிப் பேர் நிலத்தையும் உழுது வந்தவர். அவர் நோயில் படுத்ததும் வண்டியை எடுத்து ஓட்டியது சேவியர்தான். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். ஆனால் ஒரு வருஷத்தில் வண்டி சேவியர் வாசலில் நிற்க ஆரம்பித்தது. உழவுக்குக் கூப்பிடுகிறவர்கள் சேவியருக்குப் போன் செய்தார்கள். யார் நிலம் முதலில், யார் நிலம் பிறகு என்று அவரே முடிவு செய்தார். பிலோமினாவின் சொந்த நிலம் கடைசியில் வந்தது, மல்லாட்டைக் கடலை விதைப்பு தள்ளிப் போனது. இதையெல்லாம் சொல்லும்போது பிலோமினா சேவியரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வேலையை எடுத்துக்கொண்டேன்.

2. நீளமும் லாக்கும்

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, டாப் லிங்குக்குப் பதிலாக ஆயில் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் சிலிண்டரைக் கடையில் இருக்கிறபடியே வாங்கிவந்து மாட்டுவது. அதெல்லாம் பெரிய டிராக்டருக்குச் செய்தது. முழுக்கச் சுருங்கிய நிலையிலும் மினி டிராக்டருக்கு அது நீளம்தான். நீளமாக இருந்தால் வால் தூக்கவே தூக்காது. பிறகு மாட்டி என்ன பயன்?

ரோட்டவேட்டரை மாட்டி, வேலை செய்யும் நிலையில் ஒரு அளவு, முழுக்கத் தூக்கி ஒரு அளவு, வாலை வரப்பு உயரத்துக்குத் தூக்கி ஒரு அளவு எடுத்தேன். இன்ஜின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாப்ட் எந்தக் கோணம்வரை அடிக்காமல் சுற்றுகிறது என்றும் பார்த்துக்கொண்டேன். வாலை அளவுக்கு மேல் தூக்கினால் ஷாப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் கடகடவென்று அடித்து உடைந்துவிடும். ஆகவே சிலிண்டர் அதற்கு மேல் சுருங்கவே கூடாது. இந்த அளவுகளோடு விழுப்புரம் போய் ஹைட்ராலிக் கடையில் கொடுத்தேன்.

"ரெடிமேடா இருக்குது, எட்த்துக்கினு போங்க. ஜல்தியா முடியும்" என்றார் கடைக்காரர்.

"ஜல்தியா முடியும், வேலை செய்யாது. எனக்குக் கட்டையா வேணும்" என்று உட்கார்ந்துவிட்டேன். வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அடுத்தது ஆயில் லைன். நம் பக்கம் எல்லா டிராக்டரிலும் பின்னால் டிப்பர் டிரெய்லருக்கு ஒரு லைன் இருக்கும். ஆயில் போய்த் தள்ளும், டிரெய்லர் தன் எடையாலேயே இறங்கும். நம்மவர்களுக்கு ஹைட்ராலிக் என்றாலே அந்த ஒரு லைன்தான்.

"டிப்பர் லைன்லயே குடுத்துடுங்கண்ணா. எதுக்கு புதுசா வால்வு கீல்வெல்லாம்?" என்றார் சேவியர்.

டிப்பர் லைனுக்குத் தள்ளத்தான் தெரியும். டாப் லிங்க் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். ரோட்டவேட்டரைத் தூக்கினால் அதன் எடை முழுக்க டாப் லிங்கைப் பிடித்து இழுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஆயில் போகும் டபுள் ஆக்டிங் வால்வு போட்டேன், இரண்டு ஓஸ் பைப் இழுத்தேன். ஓஸ் டயரில் படாமல், லிப்ட் ஏறும்போது நசுங்காமல் மட்கார்டு ஓரமாகக் கொண்டுபோய்க் கிளாம்ப் அடித்தேன்.

அதோடு விடாமல் சிலிண்டர் மேல் லாக் வால்வு ஒன்று வேண்டும். லீவரைத் தொடாதவரை உள்ளே இருக்கும் ஆயிலை அது நகர விடாது. அது வந்து சேரத் தாமதமானது. மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"லாக் அப்புறமா போட்டுக்கலாம், இப்போ குடுத்துடுங்களேன்" என்று பிலோமினா போனில் கெஞ்சினார்.

லாக் இல்லாமல் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்ப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் வால் நாலு விரல் இறங்கியிருந்தது. வரப்பு மேல் ஏறி நிற்கும்போது இப்படி இறங்கினால் வாலைத் தூக்கி என்ன புண்ணியம்? ஓஸ் ஒன்று வெடித்தால் இன்னும் மோசம், மொத்தமும் ஒரே நேரத்தில் விழும். "வண்டியைத் தர மாட்டேன்மா" என்று போனை வைத்துவிட்டேன். கடுமையாகத்தான் பேசினேன். லாக் வந்து மாட்டியபிறகு, காலையில் தூக்கிய வால் சாயங்காலம்வரை அசையாமல் நின்றது.

லீவரை வலது பக்கம் வைத்தேன். பிலோமினாவை வரவழைத்துச் சீட்டில் உட்காரச் சொல்லி, கை நீட்டினால் எட்டும் இடத்தில் பிராக்கெட்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினேன்.

"லிப்ட் லீவர்ல இருந்து கை தானா இதுக்கு வரணும்ணா. குனிஞ்சு தேடக்கூடாது" என்றார். சரியான பேச்சு. ஓட்டத் தெரிந்தவர் பேச்சு.

இன்ஜினைப் போட்டு முதல் தடவை ஆயிலை விட்டபோது ஒரு ஓஸ் முனையில் மெல்லிய புகைபோல ஆயில் தெளித்தது. எங்கே என்று பார்க்கச் சேவியர் விரலை நீட்டினார். நான் ஓங்கி அவர் கையைத் தட்டிவிட்டேன். நம் பக்கத்து மெக்கானிக்குகள் பாதிப் பேர் கையை வைத்துத்தான் லீக் பார்ப்பார்கள். அந்த பிரஷரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து வரும் ஆயில் ஊசிபோலத் தோலுக்குள் போய்விடும். எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

பிலோமினாவின் முகம் மாறிவிட்டது. ஊசியே ஆகாத கை அவருடையது.

"அப்போ லீக் ஆனா நான் எப்படிண்ணா பார்க்கறது?"

"இன்ஜினை நிறுத்துங்க. ரோட்டவேட்டரைக் கீழ எறக்கி வச்சிட்டு லீவரை ரெண்டு பக்கமும் ஆட்டுங்க, பிரஷர் எறங்கிடும். ஓஸ் கிட்ட கையே போகக்கூடாது. எங்க லீக்னு பார்க்கணும்னா ஒரு அட்டையைத் தூரமா நின்னு காட்டிப் பாருங்க. இல்லையா, எனக்கு போன் பண்ணுங்க."

என்னிடமே திருப்பிச் சொல்லிக் காட்டினார். பிறகு இன்னொரு தடவை சொன்னார். பயந்துபோய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன். தனியாக ஓட்டப் போகிறவர் பாடம் பண்ணிக்கொள்கிறார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

3. மாட்டினோம், கழட்டினார்கள்

வண்டியைச் சேவியர் ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பிலோமினாவிடமிருந்து போன்.

"அண்ணா, தூக்க முடியல."

"என்னத்தைம்மா?"

"டாப் லிங்கை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சேவியர் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது, ரோட்டவேட்டர் தரையில் இருந்தது, நடுவில் டாப் லிங்க் இல்லை. சிலிண்டர் ஒரு சாக்கின் மேல் மண்ணில் கிடந்தது, கிளாம்பிலிருந்து உருவிய இரண்டு ஓஸும் அதன் பக்கத்தில் சுருண்டு கிடந்தன. பிலோமினா தன் வீட்டிலிருந்து அந்தச் சாக்கோடு ஒற்றைக் கையால் இழுத்து வந்திருக்கிறார். தெருவில் இழுத்த தடம் இருந்தது. அவருக்கு வேர்த்து, மூச்சு வாங்கியது.

அந்த ஊர்களில் ராத்திரி யாரும் டாப் லிங்கை வண்டியில் விடுவதில்லை. திருடர்கள் அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்னைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் கழட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள், காலையில் கொண்டுவந்து மாட்டுவார்கள். மாட்டைக் கொட்டகையில் கட்டுவதுபோல் அது பாட்டுக்கு நடக்கும். அந்தப் பழக்கத்தில் சேவியர் முந்தின நாள் சாயங்காலம் சிலிண்டரைக் கழட்டி, "இந்தாங்க அண்ணி, உங்க டாப் லிங்க்" என்று பிலோமினா வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய டாப் லிங்கைச் சோளத்தட்டு மாதிரி ஒரு கையில் தூக்கிவிடலாம். இது ஆயிலோடு சேர்ந்து பத்து கிலோவுக்குக் குறையாது. ஒரு கையால் இடுப்பு உயரத்தில் தாங்கிப் பிடித்து, இன்னொரு கையால் பின்னைச் செருக வேண்டும். ஓஸ் முனைகளைச் சொருகவும் இரண்டு கை வேண்டும். ஷெட்டில் நான் தூக்கினேன், சேவியர் தூக்கினார். பிலோமினாவைச் சீட்டில் உட்கார்ந்து லீவரைத் தள்ளச் சொன்னோமே தவிர, இதைத் தூக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

சேவியர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். "எதுக்கு அண்ணி இழுத்துக்கினு வந்தீங்க? ஒரு குரல் குடுத்தா வந்திருப்பேன்ல? காலையில நான் மாட்டித் தர்றேன், சாயங்காலம் கழட்டி வைக்கிறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"தினமும் வருவியா?"

"தினமும் வர்றேன்."

"நீ ஊர்ல இல்லைன்னா?"

"அன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்களேன் அண்ணி, இன்னா இப்போ?"

பிலோமினா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், நின்றபடியே அழுதார். "நீ வந்தா நான் ஓட்டணும், வரலைன்னா குந்திக்கினு இருக்கணும். இதுக்கா நான் திண்டிவனத்துக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன்?"

எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அளவு சரி, வால்வு சரி, லாக் சரி. அத்தனையும் சரியாகச் செய்தும் அந்த அம்மா ஆரம்பித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சொன்னேன், "இதைக் கழட்டவே வேணாம்."

"ராவுல உட்டா காலையில இருக்காதுண்ணா" என்றார் சேவியர். "போன மாசம்கூட ரெண்டு வண்டியில போயிடுச்சு. இங்க வாசல் ரோட்டோரம் வேற."

"பூட்டு போடற மாதிரி பின் செஞ்சு தர்றேன். வண்டியை ரோட்டோரத்துல இல்லாம உள்ள தள்ளி நிறுத்துங்க."

"என் வீட்டுல நிறுத்திக்கறேன்" என்றார் பிலோமினா. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல எடம் ஏது அண்ணி? நடுவுல முருங்கை நிக்குதே."

"முருங்கையை வெட்டிடு."

அவர் அதைச் சொன்னவிதத்தைக் கேட்டுச் சேவியர் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து அண்ணியிடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கொடுவாளோடு போய் முருங்கையையும் அவரே வெட்டினார்.

மறுநாள் வேண்டிய சாமானோடு போனேன். டிராக்டர் பக்கத்துப் பின்னில் குறுக்கே துளை போட்டுப் பூட்டு மாட்ட வழி செய்தேன். ரோட்டவேட்டர் பக்கத்துப் பின்னுக்கும் அப்படியே. சீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டை போல்ட் போட்டு நிறுத்தி, அதிலிருந்து ஒரு ஸ்பிரிங்கும் சங்கிலியும் தொங்கவிட்டு, சிலிண்டரின் எடையை அது தாங்கும்படி செய்தேன். கருவியை மாற்றும்போது லீவரை லேசாக அசைத்தால் பின்னில் இருக்கும் இறுக்கம் விட்டுவிடும். பிறகு வலது கை இரண்டு விரலால் பின்னை உருவலாம். சிலிண்டர் கீழே விழாமல் சங்கிலியில் நிற்கும், தள்ளினால் போகும். ஓஸைக் கழட்டும் பேச்சே இல்லை.

இந்தத் தடவை நான் தொடவில்லை. சேவியரையும் தொட விடவில்லை. பிலோமினாவையே பின்னை உருவி, மறுபடியும் மாட்டச் சொன்னேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாட்டினார். லீவரை அசைக்க இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. நேரமானது. ஆனால் மாட்டினார்.

4. ட்ரயல்

அங்கிருந்தே ட்ரயலுக்குப் போனோம். பிலோமினா ஓட்டினார், நானும் சேவியரும் பைக்கில் பின்னாலேயே போனோம். அவருடைய நிலம் ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம், நாலைந்து துண்டாக இருந்தது. முந்தின வாரத்து மழையில் மண் பதமாக இருந்தது.

முதல் துண்டை ஓட்டி முடித்து வரப்புக்கு வந்தார். பி.டி.ஓ.வை நிறுத்தி, லிப்ட்டைத் தூக்கினார். கை அங்கிருந்து நகர்ந்து புது லீவருக்கு வந்தது. வால் மெதுவாக மேலே போனது. வண்டி வரப்பில் ஏறியது, முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரம் இறங்கியது, ரோட்டவேட்டர் வரப்புப் புல்லைத் தொடாமல் தாண்டியது. லீவரை அந்தப் பக்கம் தள்ளினார், வால் இறங்கியது. மறுபடி மண் புரள ஆரம்பித்தது. அவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தாண்டிட்டாங்கண்ணா!" என்று சேவியர் என் தோளைப் பிடித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

புதிதாக ஹைட்ராலிக் மாட்டினால் நான் ஒரு மணி நேரமாவது கூடவே நின்று பார்ப்பேன். ஆயில் சூடானபிறகுதான் லீக் தெரியும். அன்றும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். நேரம் போனது. ஓஸெல்லாம் காய்ந்து கிடந்தன, லாக் பிடித்தது. பிலோமினா எங்கள் பக்கம் வந்து வண்டியை நிறுத்தினார்.

"எல்லாம் சரியா இருக்குதாண்ணா?"

"சரியா இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு..."

"சரியா இருந்தா கெளம்புங்கண்ணா" என்றார். பிறகு சேவியரைப் பார்த்தார். "தம்பி, நீயும் போ."

"நீங்க தனியா எப்படி அண்ணி? எதனா ஒண்ணுன்னா?"

"போன் இருக்குது. கூப்பிடறேன்." வலது கையால் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "கோவிச்சுக்காதீங்க. ஆபரேஷன் ஆனதுல இருந்து என்னை யாராவது ஒருத்தர் பார்த்துக்கினே இருக்கீங்க. சாப்பிட்டா பார்க்கறீங்க, தூங்கினா பார்க்கறீங்க. எல்லாம் பாசத்துலதான். ஆனா இன்னிக்கு யாரும் பார்க்காம என் நிலத்தை நான் ஓட்டணும். அவ்வளவுதான்."

சேவியர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பைக் நிற்கும் இடம்வரைக்கும் கரும்புக்கு நடுவில் வண்டிப் பாதைதான். பின்னால் இன்ஜின் சத்தம் ஏறியது. சேவியர் இரண்டு தடவை திரும்பப் பார்த்தார், இரண்டு தடவையும் முதுகில் தட்டி முன்னால் பார்க்க வைத்தேன்.

"எது செஞ்சாலும் 'முடியுமா அண்ணி, முடியுமா அண்ணி'ன்னு கேட்டுக்கினே இருந்தேண்ணா" என்றார். "நல்லதுக்குன்னுதான் கேட்டேன்."

"அது அவங்களுக்கும் தெரியும்பா."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அளவு எடுங்கள், லாக் போடுங்கள், லீக்கைக் கையால் பார்க்காதீர்கள். அதோடு, மாட்டித் தரும் சாமானை யார் தூக்குவார்கள், எந்தக் கையால் தூக்குவார்கள் என்று கேட்டு, அவர்களையே ஒரு தடவை தூக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நாம் நிற்கும்போது எல்லாச் சாமானும் வேலை செய்யும். நாம் போனபிறகு அவர் ஒருத்தராக அதை மாட்டி, ஓட்டி, கழட்ட முடிந்தால்தான் நம் வேலை முடிந்தது. அன்று கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்போது பிலோமினா அடுத்த வரப்புக்கு வந்துவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இன்ஜின் சத்தம் தணிந்தது, கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது, பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஏறியது. அட்டையைப் பைக்கில் செருகிவிட்டுக் கிளம்பினேன்.